வேண்டாத கோட்டு

ஊரின் நடுவில் நான்கு மாடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்த அந்தத் துணிக்கடையை யாரும் கடை என்று சொல்லிவிடக் கூடாது. நிறுவனம் என்று சொல்ல வேண்டும். "கடையில இது இருக்கா?" என்று கேட்டவர்களுக்கு, இருந்தாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அங்கே பில் போட ஒரு மேஜை, பணம் கட்ட ஒரு மேஜை, கட்டிய பணத்துக்கு முத்திரை வாங்க ஒரு மேஜை, பொட்டலத்தை வாங்க ஒரு மேஜை. கைக்குட்டை வாங்க உள்ளே போனவர், வெளியே வரும்போது அந்தக் கைக்குட்டையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வருவார். லிஃப்டில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நின்றிருப்பார். எந்த மாடிக்குப் போகவேண்டும் என்று யாரையும் கேட்க மாட்டார். ஆளைத் தலையிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்து அவரே முடிவு செய்வார்.

அப்படிப்பட்ட இடத்துக்குள் டவுன் பஸ் டிரைவர் ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக நேர்ந்தது ஒரு பச்சைக் கோட்டினால்.

மனைவிக்குப் பழக் கிடங்கில் வேலை. வெளியூரிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் பழங்களைக் குளிரூட்டிய கூடத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். அழுகலைப் பொறுக்கி எறிவதும், அடிபட்டதைத் தனியே ஒதுக்குவதும் அவள் வேலை. சாயங்காலம் வெளியே வந்த பிறகும் கிடங்கின் குளிர் எலும்பை விட்டு இறங்காது. குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம், உள்ளேயும் குளிர், வெளியேயும் குளிர். அந்த வருஷம் இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து எழுதித் தர்றேன். ஆனா நெஞ்சுல குளிர் ஏறாம பாத்துக்கலைன்னா என் மருந்தால ஒண்ணும் ஆகாது. நல்ல கம்பளிக் கோட்டா ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றார்.

வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தவள், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது குனிந்தபடியே சொன்னாள்: "அந்த நாலு மாடிக் கடை ஜன்னல்ல ஒரு பச்சைக் கோட்டு இருக்குங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இன்னது வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. டிரைவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் டியூட்டி முடிந்ததும் போய் விலைச் சீட்டைப் பார்த்தார். இன்னும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அடுத்த வாரமே கடையின் முகப்பை மறைத்துக்கொண்டு ஒரு துணிப் பதாகை தொங்கியது. மாபெரும் தள்ளுபடி, எல்லாம் பாதி விலை. டிரைவர் கூட வேலை பார்ப்பவரிடம் கெஞ்சிக் கூத்தாடி டியூட்டியை மாற்றிக்கொண்டார். மனைவி கிடங்கில் லீவு சொன்னாள். இருவரும் இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார்கள்.

தள்ளுபடிக்கு வருகிறவர்களுக்கு முன்வாசல் கிடையாது. சரக்குப் பெட்டிகள் இறக்கும் பின்சந்தில் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். வரிசை சந்தின் முனைவரை போனது. கதவு திறந்தது. ஆனால் யாரையும் உள்ளே விடவில்லை. மேல்தட்டுத் துணி எடுக்கும் மர ஏணி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் சாத்தினார்கள். கோட்டும் சூட்டுமாக ஒருவர் அதில் மூன்று படி ஏறி நின்றார். அவர்தான் பொது மேலாளர். மேலும் ஏறியிருப்பார், நிலைப்படி தலையில் இடித்தது.

"அன்பர்களே," என்று ஆரம்பித்தார். "பாதி விலை என்பது எங்களுக்குப் பாதி உயிர் போவது மாதிரி. மலிவு என்ற சொல்லை எங்கள் ஊழியர்கள் உச்சரிப்பதில்லை. உச்சரித்த ஒருவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. இது நன்கொடை அல்ல. நன்கொடையாக இருந்தால் எங்களுக்குப் புண்ணியமாவது மிஞ்சும். மற்ற நாட்களில் உங்களை நாங்கள் கவனிப்பதில்லை என்று ஒரு மனக்குறை உங்களுக்கு இருக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஒரு வாரம் கவனிக்காமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் கிடையாது. இருந்தாலும் முயன்று பார்ப்போம்."

வரிசையில் சிலர் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் டிரைவரும் தட்டினார்.

உள்ளே நுழையும்போது ஆளுக்கு ஒரு ஜோடி துணிக் கையுறை கொடுத்தார்கள். வெறுங்கையால் சரக்கைத் தொடக் கூடாதாம். முன்னால் போனவர்கள் கழற்றிக் கொடுத்ததைத்தான் பின்னால் வருகிறவர்களுக்கு மாட்டினார்கள் என்பதால் அது ஏற்கெனவே ஈரமாக இருந்தது. லிஃப்டுக்காரர் இருவரையும் ஒருமுறை பார்த்தார், நேராகத் தரைக்குக் கீழே கொண்டுபோய் மிதியடி விற்கும் இடத்தில் இறக்கிவிட்டார். கோட்டுகள் மூன்றாவது மாடியில் என்று டிரைவர் சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது. படியேறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மனைவி கைப்பிடியைப் பிடித்து நின்று இருமினாள்.

மூன்றாவது மாடியில் அந்தப் பச்சைக் கோட்டு இருந்தது. ஜன்னலிலிருந்து இறக்கி, தலையில்லாத அதே பொம்மையின்மேல் மாட்டி வைத்திருந்தார்கள். காலரில் சிவப்புச் சீட்டு தொங்கியது. பாதி விலை.

மனைவி பக்கத்தில் போனாள். மூன்று குளிர்காலம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கையுறையை மெதுவாகக் கழற்றிவிட்டு, கோட்டின் கைப்பகுதியைப் புறங்கையால் லேசாகத் தடவிப் பார்த்தாள்.

கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டிருந்த விற்பனையாளர் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மாவுக்குப் பிடிச்சிருக்கா?" என்று அன்பாகக் கேட்டார்.

"ரொம்ப," என்றாள்.

விற்பனையாளர் பெருமூச்சு விட்டார். காலரிலிருந்த சிவப்புச் சீட்டை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு பையிலிருந்து வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்துக் கட்டினார். அதில் முழு விலை இருந்தது.

"ஏங்க, எதுக்கு அதைக் கழட்டறீங்க?" என்றார் டிரைவர்.

"அம்மாவுக்குப் பிடிச்சிருக்குன்னாங்களே."

"ஆமா. அதனால?"

"அதனால இது இனிமே தள்ளுபடிச் சரக்கு இல்லையே சார்." குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாக விளக்கினார். "தள்ளுபடின்னா என்ன? யாருமே வேணாம்னு தள்ளினது. இந்தக் கோட்டு மூணு வருஷமா சீந்துவாரில்லாம நின்னுச்சு. அதனால தள்ளினோம். இப்ப ஒருத்தங்க வந்து வேணும்ங்கறாங்க. வேணும்னா முழு விலை. வேணாம்னா பாதி விலை."

"வேணாம்னா நான் எதுக்குய்யா வாங்கறேன்?"

"அதைத்தான் சார் நாங்களும் வருஷா வருஷம் கேட்டுக்கிட்டிருக்கோம்."

டிரைவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பஸ்ஸில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர்தான். ஆனால் அங்கெல்லாம் கத்தினால் எதிராளியும் கத்துவான், ஒரு முடிவு வரும். இங்கே அவர் குரலை உயர்த்த உயர்த்த விற்பனையாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார். கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது. சத்தம் கேட்டு மாடி மேற்பார்வையாளர் வந்தார். கொண்டை போட்டு, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அம்மாள். விஷயத்தைக் கேட்டதும் வருத்தத்தோடு தலையாட்டினார்.

"விற்பனையாளர் சொன்னது சரிதான். ஆசைப்பட்டுட்டு விலையைக் குறைன்னு கேட்டா, ஆசைக்கு என்ன மரியாதை இருக்கு, சொல்லுங்க?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முத்துமாலை போட்ட ஓர் அம்மாள் லிஃப்டிலிருந்து இறங்கினார். லிஃப்டுக்காரரே கூட வந்து நாற்காலி இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை. கோட்டுகளின் வரிசையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இதெல்லாம் என்ன கண்றாவி?" என்றார். "யார் போடுவாங்க இதை? சரி, அந்த மூணையும் கட்டிக் குடு. நாய் படுக்கறதுக்கு ஆகும்."

விற்பனையாளர் மூன்றிலும் சிவப்புச் சீட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓடினார். மேற்பார்வை அம்மாள் இடுப்புவரை குனிந்து வழியனுப்பினார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் பளபளத்தன.

"பாத்தீங்களா? துளி ஆசை உண்டா? வாடிக்கையாளர்னா இப்படி இருக்கணும்."

"அவங்ககிட்டத்தான் காசு இருக்கே. முழு விலை வாங்கலாமே," என்றார் டிரைவர்.

"வாங்கலாம்தான். ஆனா அவங்களுக்குப் பிடிக்கலையே! பிடிக்காத பொருளுக்கு முழு விலை வாங்கினா அது அநியாயம் இல்லையா? எங்களுக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்குங்க."

டிரைவர் மனைவியைத் தூண் பக்கமாக ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனார். "பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போவோம். என்ன குறைஞ்சுடப் போறோம்?" என்றார். அவள் தலையாட்டினாள். இருவரும் அப்போதுதான் புதிதாக வருகிறவர்கள் போல மறுபடியும் கோட்டின் முன்னால் வந்து நின்றார்கள்.

"எங்களுக்குப் பிடிக்கலை," என்றார் டிரைவர்.

மேற்பார்வை அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மனைவியின் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தார். "அம்மா கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையே."

மனைவி சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"முதுகே சொல்லுதே," என்றார் மேற்பார்வை அம்மாள். பிறகு டிரைவரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவராக, "மேல்மாடிக்குப் போங்க. விருப்பமின்மைக் குழு சாப்பாட்டுக்கு அப்புறம் கூடும். உண்மையாவே வேணாம்னு குழுவுக்குத் திருப்தியாயிட்டா சிவப்புச் சீட்டை நானே கட்டித் தர்றேன். அந்தக் குழுவுல நானும் ஒருத்திதான்," என்றார்.

நான்காவது மாடி நடையில் ஒரு மர பெஞ்சு போட்டிருந்தது. ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாததால் காற்று ஊசியாகக் குத்தியது. அவர்களுக்கு முன்னால் போன ஒரு வாலிபன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். கல்யாணத்துக்குச் சட்டை வாங்க வந்தவனாம். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லி, வேண்டவே வேண்டாம் என்று நிரூபித்துவிட்டு, எழுந்து வரும்போது மட்டும் அந்தச் சட்டையின் காலரைக் கையால் நீவிவிட்டானாம். அதோடு போச்சு. "சிரிக்காம என்ன அண்ணே செய்யறது?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவர்களைக் கூப்பிட்டார்கள்.

நீள மேஜைக்குப் பின்னால் பொது மேலாளர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் மேற்பார்வை அம்மாள். மறுபக்கம் நிறுவனத்தின் வக்கீல், மோவாயை மார்பில் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சுவரில் ஸ்தாபகரின் ஆளுயரப் படம். எதிரே மூன்று நாற்காலிகள். இரண்டில் டிரைவரும் மனைவியும் உட்கார்ந்தார்கள். மூன்றாவதில் கோட்டை உட்கார வைத்தார்கள்.

"சொல்லுங்கள்," என்றார் பொது மேலாளர். "இந்தக் கோட்டு உங்களுக்கு ஏன் வேண்டாம்?"

டிரைவர் கோட்டை மேலும் கீழுமாகப் பார்த்தார். "பட்டன் கொஞ்சம் பெருசா இருக்குங்க."

பொது மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா! அந்தப் பட்டனை எங்கள் ஸ்தாபகர் தம் கையாலேயே தேர்ந்தெடுத்தார். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த அளவுக்கு அதில் அவருக்குத் திருப்தி."

"அப்ப... நிறம்..."

"குறை எங்க பொருள்ல இருக்க முடியாது," என்று மேற்பார்வை அம்மாள் இடைமறித்தார். "எங்க பொருள்ல குறைன்னு நீங்க சொன்னா அது அவதூறு. வக்கீல் ஐயாவை எழுப்ப வேண்டி வரும். குறை உங்ககிட்ட இருக்கணும். இந்தக் கோட்டுக்கு நீங்க ஏன் லாயக்கில்லைன்னு சொல்லணும். அதுதான் முறை."

"நாங்க ஏழைங்க."

பொது மேலாளர் உட்கார்ந்து தலையசைத்தார். "அது எடுபடாது. எங்கள் அனுபவத்தில் ஏழைகள்தான் மிக அதிகமாக ஆசைப்படுகிறார்கள். அவர்களை நம்பித்தான் முழு விலையே நிர்ணயிக்கிறோம்."

டிரைவர் கைகளைப் பார்த்தார், ஸ்தாபகரைப் பார்த்தார். கோட்டு மட்டும் ஒரு கவலையுமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"அந்த அம்மா ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று கேட்டார் பொது மேலாளர்.

"அவளுக்கு இப்படி நாலு பேர் முன்னால பேச வராதுங்க," என்றார் டிரைவர்.

மனைவி எழுந்தாள். எழுந்த பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"இந்தக் கோட்டு எனக்கு ஆகாதுங்க. இதைப் போட்டுக்கிட்டா யாராவது பாக்கணும். கிடங்குல நாங்க எல்லாரும் சாக்கு மாதிரி ஏப்ரன் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு நிப்போம், யாரும் யாரையும் பாக்கறதில்ல. வீட்டுல ஒருத்தர் இருக்கார். நாளெல்லாம் ரோட்டைப் பாத்துட்டு வர்றவர். வந்தா செவுத்தைப் பாத்துப் படுத்துக்குவார். நான் கோட்டு போட்டிருந்தாலும் ஒண்ணுதான், கோணி போட்டிருந்தாலும் ஒண்ணுதான்."

"நல்லது," என்றார் பொது மேலாளர். "தொடருங்கள்."

"மூணு குளிர்காலமா இதை ஜன்னல்ல நின்னு பாத்தேன். நான் நிக்கறப்ப இவர் பஸ் என் முதுகுக்குப் பின்னால போகும். சத்தத்தை வச்சே எனக்குத் தெரிஞ்சுடும். அந்த இடத்துல கியர் மாத்தறப்ப ஒரு இழுப்பு இழுக்கும். ஒரு நாள்கூட ஒரு ஹாரன் அடிச்சதில்ல. நான் நிக்கறது இவருக்குத் தெரியலைன்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியிலயே தெரிஞ்சுது, பஸ்ஸும் தெரிஞ்சுது, இவரும் தெரிஞ்சார். என்னைப் பாத்தார். நான் எதைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்னும் பாத்தார். கியரை மாத்திட்டுப் போயிட்டார். ராத்திரி வீட்டுக்கு வந்து, இன்னிக்கு ரொம்ப டிராஃபிக்னார்."

டிரைவர் நாற்காலியில் அசைந்தார். அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பஸ் நிறைய ஜனம், பின்னால் லாரிக்காரன் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் உண்மைதான். ஆனால் காலை பிரேக்கிலிருந்து எடுக்க வைத்தது அது எதுவுமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். நிறுத்தினால் கிட்டே வந்து அந்தக் கோட்டைக் கேட்டுவிடுவாளோ என்ற பயம்தான்.

"கேட்டு வாங்கிப் பழக்கமில்லைங்க எனக்கு," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது குரலில் தடுமாற்றம் இல்லை. இருமலும் எங்கோ போய்விட்டிருந்தது. "கல்யாணமான புதுசுல ஒருதடவை செருப்பு வார் அறுந்துபோச்சுன்னேன். கேட்கக்கூட இல்ல, அறுந்துபோச்சுன்னுதான் சொன்னேன். இவர் முகம் சுருங்கிப்போச்சு. என்னமோ நான் அடிச்ச மாதிரி. வாங்கித் தராம இல்ல, வாங்கித் தந்தார். ஆனா அந்தச் செருப்பு தேயற வரைக்கும் எனக்கு அந்த முகம்தான் கால்ல குத்துச்சு. அதைப் பாக்கறதுக்குக் குளிரே தேவலைன்னு அப்புறம் வாயைத் திறக்கறதில்ல. இவர் கெட்டவர் இல்லைங்க. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் நான் குடுத்து வச்சவன்னுதான் சொல்வாங்க. நானும் ஆமாம்னுதான் சொல்வேன். அதனால குறை கோட்டுல இல்ல. தைச்சவங்க நல்லாத்தான் தைச்சிருக்காங்க. இதைப் போடற அளவுக்கு நான் யாருக்கும் ஒரு ஆளா இல்ல. அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள்.

வக்கீல் எப்போது விழித்துக்கொண்டார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர்தான் முதலில் கைதட்டினார். மேற்பார்வை அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொது மேலாளர் தம் கோட்டுப் பையிலிருந்து பட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"அம்மா," என்றார் தழுதழுத்த குரலில். "இத்தனை வருட அனுபவத்தில் இவ்வளவு தூய்மையான ஒரு விருப்பமின்மையை நான் கண்டதில்லை. நாங்கள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். மக்கள் தங்களைப் பற்றி உண்மையாக யோசித்தால் போதும், எங்கள் நிறுவனம் எதைக் கொடுக்கவும் தயங்குவதில்லை. பாதி விலைக்கு."

மேற்பார்வை அம்மாள் எழுந்து வந்து வெள்ளைச் சீட்டை அவிழ்த்தார். சிவப்புச் சீட்டைக் காலரில் கட்டி, பதக்கம் மாட்டிய மாதிரி ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். பொது மேலாளருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. வெளியே காத்திருப்பவர்கள் முறை தெரியாமல் குழுவின் நேரத்தை வீணாக்குகிறார்கள். இந்த அம்மா அவர்களுக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினால் என்ன? டிரைவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க," என்றாள் மனைவி.

நடையில் பெஞ்சுக்கு முன்னால் நின்று அவள் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை மேஜை விளிம்பைப் பார்க்கவில்லை, ஜனங்களின் முகத்தைப் பார்த்தாள். கியர் இழுக்கும் சத்தத்தை வாயால் செய்து காட்டினாள். "இன்னிக்கு ரொம்ப டிராஃபிக்" என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அம்மாள், "எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்த அம்மாளின் கணவர் கூரையைப் பார்த்தார்.

செய்தி கீழே பரவி, டேப் தொங்கவிட்ட விற்பனையாளரும் மற்ற மாடிகளின் விற்பனையாளர்களும் ஏறி வந்துவிட்டார்கள். அவர்களுக்காக மூன்றாவது தடவை. இப்போது எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலை இறக்கவேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. செருப்பு வந்த இடத்தில் சுருங்கிய முகத்தைச் செய்து காட்டினாள். அச்சு அசல் டிரைவரின் முகம். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கைதட்டினார்கள். மேற்பார்வை அம்மாள் கோட்டை வைத்துக் கொடுத்த அட்டைப் பெட்டியை டிரைவர் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அதைக் கீழே வைக்க இடமில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்றும் அவருக்குத் தெரியவில்லை. எப்படி வைத்தாலும் அது சுருங்கியது.

பில் மேஜை, பண மேஜை, முத்திரை மேஜை, பொட்டல மேஜை எல்லாம் முடிந்து பின்சந்துக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கையுறைகளைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஆள், "தெரு முனை தாண்டற வரைக்கும் கோட்டைப் போட்டுக்காதீங்க," என்று எச்சரித்தான். "ஆசையா போட்டுக்கிட்டதா யாராவது பாத்துச் சொல்லிட்டா வித்தியாசத்தைக் கட்டச் சொல்லுவாங்க."

இருவரும் நடந்தார்கள். காற்று முகத்தில் அறைந்தது. அவளுடைய இருமல் திரும்பி வந்திருந்தது. தெரு முனையைத் தாண்டி, இன்னும் ஒரு தெருவைத் தாண்டி, பூட்டிய ஒரு கடை வாசலில் டிரைவர் நின்று பெட்டியைத் திறந்தார். கோட்டை விரித்துப் பிடித்தார். அப்படி ஒரு பெண்பிள்ளைக்குக் கோட்டு விரித்துப் பிடிப்பது அவருக்குப் பழக்கமில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள் வாங்கித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை மாட்டினாள்.

"அங்க சொன்னதெல்லாம்," என்று ஆரம்பித்தார் டிரைவர். "அவங்களுக்காகச் சொன்னதுதானே?"

"எது?"

எது என்று எடுத்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிடுவாள் போலிருந்தது. வேறு என்ன சொல்லலாம் என்று தேடினார். தெருவிளக்கு அப்போதுதான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கோட்டு அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. பச்சை அவள் முகத்துக்கு எடுப்பாக இருந்தது. இப்படி ஒரு முகம் வீட்டில் இருந்ததை இத்தனை வருஷமாக எப்படித் தவறவிட்டோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"உனக்கு ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

அவள் கோட்டைக் குனிந்து பார்த்தாள். கைப்பகுதியை ஒருமுறை தடவினாள். காலையில் மூன்றாவது மாடியில் தடவிய மாதிரி இல்லை. கிடங்கில் பழத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

"எனக்குப் பிடிக்கலைங்க," என்றாள்.

கடைக்காரர்கள் யாராவது பின்னாலேயே வந்து நின்று கேட்கிறார்களா என்று டிரைவர் அவசரமாகத் திரும்பிப் பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை.